மெல்லிய குரலின் பலம்: டயானா ராஸ் பாடியதும் நடித்ததும்

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையை ரசிப்பவர்களிடம் அமெரிக்கப் பாடகி டயானா ராஸ் பெயரை எடுத்தால், "அவர் பாப் பாடகிதானே?" என்ற முணுமுணுப்பு எங்கிருந்தாவது வந்துவிடும். அதற்குக் காரணம் உண்டு. சோல் என்றாலே தேவாலயத்தில் பாடிப் பழகிய கனத்த சாரீரம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். டெட்ராய்ட் நகரத்திலேயே போதகரின் மகளாக வளர்ந்த அரேத்தா ஃபிராங்க்ளினிடம் இருந்தது அப்படிப்பட்ட குரல். ராஸின் குரல் மெல்லியது, லேசாக மூக்கு கலந்தது, மேலே போகப் போக இன்னும் மெலிவது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு 1964-க்கும் 1981-க்கும் இடையில் சுப்ரீம்ஸ் குழுவோடு 12 முறை, தனியாகவும் ஜோடியாகவும் 6 முறை என அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்ட் பட்டியலில் 18 பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனார். நடுவில் ஒரு படத்தில் நடித்து, முதல் படத்துக்கே சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் வாங்கினார். குரலின் குறை என்று நினைக்கப்பட்டதுதான் இத்தனைக்கும் மூலதனம். அதை எந்தச் சுருதியில் பாட வைப்பது, மைக்குக்கு எவ்வளவு பக்கத்தில் நிறுத்துவது, சுற்றி என்ன வாசிப்பது என்று தெரிந்தவர்கள் உடன் இருந்தபோது ராஸ் ஜெயித்தார். அந்தக் கணக்கு தவறிய இடங்களில் எல்லாம் சறுக்கினார்.

பிறந்தது 1944 மார்ச் 26, டெட்ராய்ட்டில். ஆறு பிள்ளைகளில் இரண்டாமவர். பதினான்கு வயதில் குடும்பம் ப்ரூஸ்டர்-டக்ளஸ் அரசுக் குடியிருப்புக்குக் குடிபோனது. அங்கேதான் ஃப்ளாரன்ஸ் பல்லார்டும் மேரி வில்சனும் இருந்தார்கள். பிரைம்ஸ் என்ற ஆண்கள் குழுவுக்குத் துணையாக ஒரு பெண்கள் குழு வேண்டும் என்று அதன் மேலாளர் மில்டன் ஜென்கின்ஸ் 1959-ல் நான்கு சிறுமிகளைச் சேர்த்துப் பிரைமெட்ஸ் என்று பெயர் வைத்தார். பிரைம்ஸில் இருந்தவர்களில் இருவர் பின்னாளில் டெம்ப்டேஷன்ஸ் குழுவில் புகழ்பெற்றார்கள்.

ராஸ் படித்தது காஸ் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளியில். எடுத்த பாடம் இசை இல்லை. ஆடை வடிவமைப்பு, தையல், தொப்பி செய்வது. வாழ்க்கை வரலாறுகளில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பாடகியின் தோற்றத்தில் எது எங்கே எடுபடும் என்று அவரே தீர்மானிக்கிற பழக்கம் இங்கேதான் தொடங்கியது. தொடக்க நாட்களில் குழுவின் மேடை உடைகளைத் தைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அக்கம்பக்கத்துப் பழக்கமான பாடகர் ஸ்மோக்கி ராபின்சன் வழியாக மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் போனார்கள். அதன் நிறுவனர் பெர்ரி கோர்டி பாட்டைக் கேட்டுவிட்டு, "பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். பெண்கள் விடவில்லை. பள்ளி விட்டதும் மேற்கு கிராண்ட் பூல்வார்டில் 2648-ம் எண் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். மற்றவர்களின் பாடல்களுக்குக் கைதட்டக் கூப்பிட்டாலும் போவார்கள். 1961 ஜனவரியில் ஒப்பந்தம் கிடைத்தது. பெயரை மாற்றச் சொன்னார்கள். பட்டியலில் இருந்து சுப்ரீம்ஸ் என்று பொறுக்கியவர் பல்லார்ட். ராஸுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

அடுத்த மூன்று வருடம் வெளியிட்டதில் பெரும்பாலானவை ஊற்றிக்கொண்டன. அலுவலகத்தில் 'ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்' என்று கேலி செய்வார்கள். குழு மூவராகச் சுருங்கியது. ராஸ், பல்லார்ட், வில்சன் மூவரும் முதலில் மாறி மாறி முன்னணியில் பாடினார்கள். மூவரில் வலுவான குரல் பல்லார்டுடையது. மைக்கிலிருந்து அவரைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள் என்று சொல்லப்படுவது உண்டு. ஆனால் 1963 வாக்கில் இனி முன்னணிக் குரல் ராஸ்தான் என்று கோர்டி முடிவு செய்தார். இதற்கு ராஸுக்கும் கோர்டிக்கும் இருந்த நெருக்கத்தைக் காரணமாகச் சொல்வது எளிது. தொழில்நுட்பக் காரணம் அதைவிட உறுதியானது. அன்றைக்கு இளைஞர்கள் பாட்டுக் கேட்டது காரில் இருந்த ஏ.எம். ரேடியோவில். அந்தச் சிறிய ஸ்பீக்கரில் அடித்தள ஒலியும் வராது, உச்ச ஒலியும் வராது. நடுப்பகுதி மட்டுமே தெளிவாக வரும். கனமான குரல் அதில் கலங்கிப்போகும். மெல்லிய, மூக்கு கலந்த, சொல் தெளிவான குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மோட்டவுனில் இதற்காகவே சின்ன ஸ்பீக்கரிலும் போட்டுக் கேட்டுச் சரிபார்த்தார்கள்.

கோர்டி முன்பு லிங்கன்-மெர்குரி கார் ஆலையில் வேலை பார்த்தவர். 1959-ல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கித் தொடங்கிய நிறுவனத்தை அந்த ஆலை போலவே நடத்தினார். எழுதுகிறவர் ஒரு பக்கம், வாசிக்கிறவர் ஒரு பக்கம், கடைசியில் தரச் சோதனை. வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் அந்த வாரப் பதிவுகளைப் போட்டுக் கேட்டு, எது வெளியே போகலாம் என்று வாக்கெடுப்பு நடக்கும். வாசித்தவர்கள் ஃபங்க் பிரதர்ஸ் என்று பின்னாளில் அறியப்பட்ட சம்பளக் கலைஞர்கள். பேஸ் கிட்டாருக்கு ஜேம்ஸ் ஜேமர்சன், டிரம்ஸுக்கு பென்னி பெஞ்சமின், பியானோவுக்கு அர்ல் வான் டைக். ஜேமர்சன் வலது கையின் ஒரே விரலால் தந்தியைச் சுண்டுவார். அவரது பேஸ் வரி கீழே தனியாக ஒரு மெட்டு போல ஓடிக்கொண்டிருப்பதால், மேலே பாடுகிற குரல் கனம் சுமக்க வேண்டியதில்லை. ராஸுக்கு இது கைகொடுத்தது.

'வேர் டிட் அவர் லவ் கோ' பாடல்தான் எல்லாம் பொருந்திவந்த முதல் இடம். மோட்டவுனுக்குப் பாடல் எழுதிய பிரையன் ஹாலண்ட், லமான்ட் டோசியர், எடி ஹாலண்ட் மூவரும் இதை அங்கிருந்த இன்னொரு பெண்கள் குழுவான மார்வலெட்ஸுக்காக அமைத்தார்கள். அவர்கள் வேண்டாம் என்றார்கள். சுப்ரீம்ஸுக்கும் பிடிக்கவில்லை, ஆனால் மறுக்கிற நிலையில் அவர்கள் இல்லை. இசைத் தடம் ஏற்கெனவே மார்வலெட்ஸின் கிளாடிஸ் ஹார்ட்டன் குரலுக்கு ஏற்ற சுருதியில் பதிவாகியிருந்தது. அது ராஸ் வழக்கமாகப் பாடுவதைவிடக் கீழே. சுருதியைக் கூட்ட வேண்டுமானால் எல்லாக் கருவிகளையும் மறுபடி வாசிக்க வேண்டும், செலவு. ஆகவே கீழேயே பாடினார். விளைவு, கத்த முடியாத ஒரு குரல் காதருகில் பேசுவது போன்ற ஒலி. பின்னணிக் குரலுக்கு யோசித்து வைத்திருந்த சிக்கலான அடுக்குகளையும் குறைத்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தொடக்கத்தில் வரும் அந்தத் தட்டல் ஒலி கைதட்டல் போலக் கேட்கும். அது மரப்பலகைகளின் மேல் ஒருவர் காலால் மிதித்த ஓசை.

1964 ஜூனில் வெளியான பாடல் ஆகஸ்டில் முதலிடத்துக்குப் போனது. அப்போது அவர்கள் டிக் கிளார்க்கின் பேருந்துச் சுற்றுப்பயணத்தில் கடைசிப் பெயராகப் போயிருந்தார்கள். முடிந்து திரும்பும்போது முதல் பெயர். அதிலிருந்து அடுத்தடுத்து ஐந்து பாடல்கள் முதலிடம். பீட்டில்ஸ் அமெரிக்காவை வாரிச் சுருட்டிய அதே மாதங்களில் இது நடந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1966-ல் இவர்களது 'சுப்ரீம்ஸ் ஆ கோ-கோ', அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண்கள் குழு ஆல்பம் ஆனது.

மேடைக்கென்று நிறுவனத்தில் தனிப் பிரிவு இருந்தது. நடனம் சோலி அட்கின்ஸ், இசை ஒத்திகை மாரிஸ் கிங், நடத்தை மேக்ஸின் பவல். பவல் அம்மையார் சொல்லித் தந்தது மிகச் சின்ன விஷயங்கள்: உயரமான ஸ்டூலில் எப்படி அமர்வது, காரிலிருந்து எப்படி இறங்குவது, பாடும்போது முகத்தைக் கோணாமல் இருப்பது எப்படி. பக்கிங்ஹாம் அரண்மனை, வெள்ளை மாளிகை இரண்டிலும் நிற்கத் தகுந்தவர்களாக உங்களை ஆக்குகிறேன் என்பது அவர் சொல்லிவந்த பேச்சு. (ராஸுக்கு இரண்டும் நடந்தது: 2016-ல் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம், 2022-ல் அரசி எலிசபெத்தின் எழுபதாம் ஆண்டு ஆட்சி விழாவில் அரண்மனை வாசலில் பாட்டு.) இந்தப் பயிற்சி நகைப்புக்கு உள்ளானதும் உண்டு, வெள்ளையர்களுக்குப் பிடிக்கும்படி கறுப்பினப் பெண்களை மெருகேற்றுகிறார்கள் என்று. ஆனால் தொலைக்காட்சி கேமரா முகத்துக்கு நெருங்கி வரும் காலம் அது. எட் சல்லிவன் நிகழ்ச்சியில் ராஸின் கண்ணும் கையும் செய்த வேலையைப் பார்த்தால், பின்னால் வந்த நடிப்புக்கு ஒத்திகை இங்கேயே முடிந்துவிட்டது தெரியும்.

1967-ல் குழுவின் பெயர் 'டயானா ராஸ் அண்ட் த சுப்ரீம்ஸ்' ஆனது. அதே ஆண்டில் பல்லார்ட் வெளியேற்றப்பட்டு சிண்டி பேர்ட்சாங் வந்தார். பல்லார்ட் வறுமையில் வாடி, 1976-ல் 32 வயதில் இறந்தார். ராஸின் கதையில் இன்றுவரை ஆறாத புண் இது. முடிவெடுத்தது நிறுவனம், பலன் போய்ச் சேர்ந்தது ராஸிடம், பழியும் அவர் பக்கமே வந்தது. ராயல்டி தகராறில் ஹாலண்ட்-டோசியர்-ஹாலண்ட் மூவரும் விலகியதும் பாடல்களின் வரத்து தடுமாறியது. குழுவின் கடைசி முதலிடப் பாடலான 'சம்டே வீல் பி டுகெதர்' பதிவில் ராஸைத் தவிர மற்ற இரு சுப்ரீம்ஸின் குரலே இல்லை. கூடவே கேட்கும் ஆண் குரல் தயாரிப்பாளர் ஜானி பிரிஸ்டலுடையது. 1970 ஜனவரி 14 அன்று லாஸ் வேகாஸில் பிரியாவிடை மேடை.

தனிப் பாதையில் முதல் தனிப்பாடல் 20-ம் இடத்தோடு நின்றது. இரண்டாவதாக வந்தது ஆஷ்ஃபோர்ட்-சிம்ப்சன் தம்பதியின் 'எய்ன்ட் நோ மவுண்டன் ஹை எனஃப்'. மோட்டவுன் பாடகர்களான மார்வின் கேயும் டேமி டெரலும் 1967-ல் துள்ளலாகப் பாடியதை அப்படியே பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டினார்கள். ராஸ் பாதிப் பாட்டைப் பாடாமல் பேசுகிறார். வாத்தியங்களும் கூட்டுக்குரலும் மெல்ல ஏறி, பல்லவியின் உச்சம் கடைசியில்தான் வெடிக்கிறது. உச்சத்தைக் கடைசிவரை இழுப்பது கோர்டிக்குப் பிடிக்கவில்லை. ஆறு நிமிடத்தை வானொலி நிலையங்களே வெட்டி ஒலிபரப்பத் தொடங்கிய பிறகு சுருக்கி வெளியிட்டார். 1970 செப்டம்பரில் முதலிடம். உச்சத்தைச் சுமப்பது கூட்டுக்குரல். ராஸின் பங்கு அந்த உச்சத்துக்காக ஏங்க வைப்பது.

இந்தப் பேச்சுத் திறமைதான் சினிமாவுக்கு வாசல் திறந்தது என்று தோன்றுகிறது. 1972-ல் வந்த 'லேடி சிங்ஸ் த ப்ளூஸ்' ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் வாழ்க்கையை வைத்து எடுக்கப்பட்டது. இயக்கம் சிட்னி ஃப்யூரி. ராஸ் எப்படி ஹாலிடே ஆக முடியும் என்று முன்கூட்டியே கிண்டல் கிளம்பியது. பாரமவுண்ட் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 20 லட்சம் டாலர். கறுப்பினத்தவர் படத்துக்கு அதற்கு மேல் போட முடியாது என்றார்கள். செலவு மீறியபோது கோர்டி தன் பணத்தை இறக்கினார்.

படம் தொடங்குவது பாட்டோடு இல்லை. போதைப் பழக்கத்தில் கைதான பெண்ணைக் காவலர்கள் இழுத்து வருகிறார்கள், விரல் ரேகை எடுக்கிறார்கள், கைகளைப் பின்னுக்கு இழுத்துக் கட்டுச்சட்டை மாட்டி, மெத்தை வைத்த சுவர்களுக்குள் தள்ளுகிறார்கள். அவர் அலறிக்கொண்டு சுவரில் மோதுகிறார். பளபள கவுனும் விக்குமாக ஏழெட்டு வருடம் பார்த்த முகத்தை முதல் சில நிமிடங்களிலேயே கலைத்துப்போட்டது கெட்டிக்காரத்தனம். அதன்பிறகு பார்வையாளர் சுப்ரீம்ஸைத் தேடுவதில்லை.

பாடல்களில் அவர் செய்தது இன்னும் நுட்பம். ஹாலிடேயின் கரகரப்பைப் போலி செய்யவில்லை. ஹாலிடே தாளம் விழுந்து ஒரு கணம் கழித்துச் சொல்லைப் போடுவார், நீட்டலை நடுவில் வளைப்பார். ராஸ் அந்தப் பிந்திய எடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தன் குரலிலேயே பாடினார். ஹாலிடேயும் சின்னக் குரல்காரர், மைக்கை நம்பிப் பாடியவர். அரேத்தா மாதிரி ஒருவர் பாடியிருந்தால் இது பொருந்தியிருக்காது. இசைத்தட்டு 1973-ல் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கதை விஷயத்தில் படம் ஹாலிடேக்கு நியாயம் செய்யவில்லை. பல உறவுகளை ஒரே நல்ல கணவராகச் சுருக்கி, காதல் கதையாக்கிவிட்டது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன. அந்த வருடம் சிறந்த நடிகைப் பட்டியலில் ராஸும் சிசிலி டைசனும் என இரண்டு கறுப்பினப் பெண்கள் இருந்தார்கள், அது முதல் முறை. விருது 'கேபரே' படத்துக்காக லைசா மினெல்லிக்குப் போனது. பத்திரிகைகளில் கோர்டி கொடுத்த விளம்பர வெள்ளமே வாக்காளர்களை எரிச்சல்படுத்தியது என்று ஹாலிவுட்டில் பேச்சு.

1975-ல் 'மகாகனி'. சிகாகோ அலுவலகப் பெண் ரோமில் மாடலாகி, ஆடை வடிவமைப்பாளராகும் கதை. இயக்குநர் டோனி ரிச்சர்ட்சன் பாதியில் போக, கோர்டியே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். படம் பார்த்தால் தெரிந்துவிடும். உருப்படியான இரண்டு விஷயங்கள்: ராஸ் பாடிய தலைப்புப் பாடல் முதலிடம் போனது, ஆடைகளை வடிவமைத்தவர் ராஸ். காஸ் டெக் பள்ளிப் படிப்பு வீண்போகவில்லை.

'விசர்ட் ஆஃப் ஆஸ்' கதையின் கறுப்பின வடிவமான மூன்றாவது படம் 'த விஸ்' சினிமா வாழ்க்கையையே முடித்துவிட்டது. பிராட்வே நாடகத்தில் கதாநாயகி டோரதி ஒரு சிறுமி. முப்பது வயதைத் தாண்டிய ராஸ் அந்த வேடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். வயது சரிவராது என்று கோர்டியே சொன்னார். ராஸ் நடித்தால் பணம் தருகிறோம் என்று யூனிவர்சல் சொன்னதும், டோரதி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருக்கும் 24 வயது ஆசிரியை ஆனார். ஜான் பேடம் விலகி, சிட்னி லுமெட் இயக்கினார். வயதை மாற்றியதில்தான் கோளாறு. வீட்டுக்குப் போக ஏங்கும் குழந்தையின் பயம் கதைக்கு உயிர்நாடி. அதே பயத்தை வளர்ந்த பெண் மேல் ஏற்றினால் கூச்சமும் அழுகையுமாக மட்டுமே தெரிகிறது. உலக வர்த்தக மையத்தின் முற்றம்வரை செட் போட்டு 2.4 கோடி டாலர் செலவழித்த படம் 1978-ல் கையைக் கடித்தது. ஆதாயம் அடைந்தவர் சோளக்கொல்லை பொம்மையாக நடித்த மைக்கேல் ஜாக்சன். படத்துக்கு இசைப் பொறுப்பேற்ற குவின்சி ஜோன்ஸுடன் அங்கே ஏற்பட்ட பழக்கம்தான் ஜாக்சனின் அடுத்த வருட ஆல்பமானது. ராஸ் அதன்பிறகு திரையரங்குப் படத்தில் முன்னணி வேடமே ஏற்கவில்லை. 1994-ல் மனச்சிதைவு நோயாளியாகத் தொலைக்காட்சிப் படம் ஒன்றில் ஒப்பனையின்றி நடித்தது மட்டும் பேசும்படியாக இருந்தது.

பாட்டில் எழுபதுகளின் நடுவில் ஒரு திருப்பம். 1976-ல் வந்த 'லவ் ஹேங்ஓவர்'தான் அது. மெதுவாக முனகலில் தொடங்கி, நடுவில் சட்டென்று டிஸ்கோ வேகத்துக்குத் தாவும் பாட்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் மினுக்கு விளக்கு மாட்டச் சொன்னார் தயாரிப்பாளர் ஹால் டேவிஸ். இரண்டாம் பாதியில் கேட்கும் சிரிப்பும் குறும்பும் அந்தச் சூழலில் வந்தவை.

1980-ல் டிஸ்கோ இசைக் குழுவான ஷிக்கின் நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இருவரும் 'டயானா' ஆல்பத்துக்கு வந்தார்கள். முதல் வேலையாக, பல நாள் உட்கார்ந்து ராஸைப் பேசவிட்டுக் கேட்டு அதிலிருந்து பாடல்களை எழுதினார்கள். 'ஐம் கமிங் அவுட்' பிறந்தது நியூயார்க் கிளப் ஒன்றில் ராஸைப் போல வேடமிட்டிருந்த ஆண்களை ராட்ஜர்ஸ் பார்த்ததிலிருந்து. பிரச்சினை மிக்ஸிங்கில், அதாவது பதிவான ஒலிகளைக் கலப்பதில் வந்தது. ஷிக் பாணியில் கிட்டாரும் பேஸும்தான் ராஜா, குரல் அவற்றோடு ஒன்று. ராஸுக்கு அது ஒப்பவில்லை. மோட்டவுன் ஒலிப்பதிவாளர் ரஸ் டெரானாவுடன் உட்கார்ந்து குரலை முன்னுக்கு இழுத்தார், சிலவற்றை மறுபடி பாடினார், நீண்ட வாத்திய இடைவெளிகளை வெட்டினார், வேகத்தையும் சற்றுக் கூட்டினார். தயாரிப்பாளர்கள் கொதித்தார்கள். 'அப்சைட் டவுன்' நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. 2003-ல் ஷிக்கின் முதல் மிக்ஸிங்கும் வெளியானது. நடனத்துக்கு அதுவும் அருமைதான். ஆனால் வானொலிக்கு எது எடுபடும் என்பதில் ராஸின் கணிப்பு சரி என்றே சொல்வேன். பத்தொன்பது வருடம் மோட்டவுனில் கற்ற பாடம் அது.

1981-ல் லயனல் ரிச்சியுடன் பாடிய 'எண்ட்லெஸ் லவ்' ஒன்பது வாரம் முதலிடம். அதே ஆண்டு ஆர்.சி.ஏ. நிறுவனம் 2 கோடி டாலர் தருவதாகச் சொல்ல, மோட்டவுனை விட்டுப் போனார். தன் ஆல்பங்களை இனித் தானே தயாரிப்பேன் என்றார். தொடக்கத்தில் ஓடியது. ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் போல வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. மார்வின் கேய் நினைவாகப் பாடிய 'மிஸ்ஸிங் யூ' 1985-ல் பத்தாம் இடம் வந்தது. அமெரிக்காவில் முதல் பத்துக்குள் அவர் கடைசியாக நின்றது அப்போதுதான். பிரிட்டன் கைவிடவில்லை, பீ ஜீஸ் எழுதிய 'செய்ன் ரியாக்‌ஷன்' 1986-ல் அங்கே முதலிடம். 1989-ல் பங்குதாரராக மோட்டவுனுக்குத் திரும்பி, அதே ராட்ஜர்ஸை வைத்து ஒரு ஆல்பம் செய்தார். இளைஞர்களின் புதிய தாள பாணியைத் துரத்தியதில் குரலுக்கு இடமே இல்லாமல் போய், அது விலைபோகவில்லை.

மேடையில் மட்டும் பிடி தளரவில்லை. 1983 ஜூலை 21, நியூயார்க் சென்ட்ரல் பார்க், இலவச நிகழ்ச்சி. தொடங்கிச் சிறிது நேரத்தில் புயல் மழை. ஆரஞ்சு நிற உடை உடம்போடு ஒட்ட, மைக்கைப் பிடித்தபடி லட்சக்கணக்கான கூட்டத்தை நெரிசல் இல்லாமல் மெதுவாகக் கலையச் சொல்லிக்கொண்டே நின்றார். மறுநாள் வந்து முழுக்கப் பாடிக் கொடுத்தார். நிகழ்ச்சி வருமானத்தில் பூங்காவுக்குள் குழந்தைகள் விளையாட்டுத் திடல் கட்டுவதாகத் திட்டம். செலவு வருமானத்தை விழுங்கிவிட்டது. பிறகு கைக்காசாக 2.5 லட்சம் டாலர் கொடுத்தார், 1986-ல் திடல் திறந்தது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்துத் தொடக்க விழாவில் சில அடி தூரத்திலிருந்து பந்தை உதைத்து கோலுக்கு வெளியே அனுப்பியதும், திட்டப்படி கோல் கம்பம் இரண்டாகப் பிளந்ததும் இன்றும் சிரிப்பதற்குப் பயன்படுகிறது. அவர் பாட்டை நிறுத்தவில்லை, முகம் மாறவும் இல்லை.

2000-ல் சுப்ரீம்ஸ் மறுசேர்க்கை என்று அறிவித்த சுற்றுப்பயணம் வேறு கதை. மேரி வில்சனும் பேர்ட்சாங்கும் சம்பளப் பேச்சு முறிந்து வரவில்லை. வந்த இருவரும் ராஸ் விலகிய பிறகு குழுவில் சேர்ந்தவர்கள். ராஸோடு ஒரு பாட்டும் பதிவு செய்ததில்லை. ரசிகர்கள் டிக்கெட் விலையையும் மேடையில் நிற்கும் முகங்களையும் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். அரங்குகள் நிரம்பாமல் பயணம் பாதியில் ரத்தானது.

கொரோனா பெருமுடக்கக் காலத்தில் வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிய 'தேங்க் யூ' ஆல்பம் 2021-ல் வந்தது. 2012-ல் கிராமியின் வாழ்நாள் சாதனை விருது தந்தார்கள்.

புதிதாகக் கேட்பவர்கள் தொகுப்பு இசைத்தட்டில் தொடங்காமல், மூன்று ஜோடிகளாகக் கேட்டுப் பாருங்கள். 'எய்ன்ட் நோ மவுண்டன்' பாட்டின் 1967, 1970 வடிவங்கள். ஹாலிடேயின் பழைய பதிவு ஒன்று, அதே பாடல் 1972 படத்தில். 'டயானா' ஆல்பத்தின் ஷிக் மிக்ஸிங், 1980-ல் வெளியான மிக்ஸிங். ஹெட்ஃபோனில் ஒருமுறை, போனின் சின்ன ஸ்பீக்கரில் ஒருமுறை. இரண்டாவது முறை கேட்கும்போது எந்தக் குரல் நிற்கிறது என்று கவனியுங்கள்.